27 வருடம் கழித்து ஒரு பதில்: கீபோர்டு இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஏன் நிற்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

என் பழைய கம்ப்யூட்டரைப் பரணில் போடாமல், மாடி அறையில் குடும்பப் புகைப்படங்களைச் சேமிக்கும் பெட்டியாக வைத்திருக்கிறோம். பேரன் செய்து கொடுத்த ஏற்பாடு. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் கிடையாது. ஒரு நெட்வொர்க் ஒயர், ஒரு கரண்ட் ஒயர், அவ்வளவுதான். கீழே உட்கார்ந்து போனிலேயே படம் பார்க்கலாம். கரண்ட் போய் வந்தால் தானாகவே எழுந்துகொள்ளும்.

போன மாதம் ஒருநாள் எழவில்லை. மாடிக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, போனில் படம் மட்டும் வரவில்லை. பேரனைக் கூப்பிட்டேன். "தாத்தா, ஒரு மானிட்டரை மாட்டி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றான். மாட்டினேன். கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்துகள். கடைசி இரண்டு வரிகளின் பொருள் இது: கீபோர்டு பிழை, அல்லது கீபோர்டு இல்லை. தொடர எஃப்1 விசையை அழுத்தவும்.

அதைப் படித்ததும் 1998இல் நம் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை கண்முன் வந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஐந்து கீபோர்டு. மூலையில் கீபோர்டு இல்லாமல் கிடந்த பெட்டியில் இதே இரண்டு வரிகள். வகுப்பே சிரித்தது. ப்ளஸ் ஒன் பையன் ஒருவன் மட்டும் சிரிக்காமல் எழுந்து கேட்டான். "சார், கீபோர்டு இல்லைன்னு அதுக்கே தெரியுது. அப்புறம் யாரை எஃப்1 அழுத்தச் சொல்லுது?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லும் தைரியமும் அன்று இல்லை. கிண்டல் செய்கிறான் என்று சொல்லி அவனை வெளியே நிறுத்தினேன். பீரியட் முடியும்வரை நின்றான். அதன்பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

கதை 1981இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் போக்கா ரட்டன் என்ற ஊரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் சிறிய குழு ஒன்று ஏறக்குறைய ஒரே வருடத்தில் ஒரு சொந்த உபயோகக் கம்ப்யூட்டரை உருவாக்கியது. 1981 ஆகஸ்ட் 12 அன்று அது அறிமுகமானது. அடிப்படை மாடலின் விலை 1,565 டாலர். அதில் 16 கேபி நினைவகம்தான். டிஸ்க் டிரைவ் கிடையாது. பேசிக் மொழி ரோம் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். எழுதிய புரோகிராமைச் சேமிக்க டேப் ரெக்கார்டரை இணைக்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் பேசிக் வந்து, நாம் தட்டச்சு செய்வதற்காகக் காத்திருக்கும். கீபோர்டு இல்லாமல் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. கண்ணும் கையும் போல, திரையும் கீபோர்டும் அதன் உறுப்புகள்.

அதனால்தான் சுவிட்சைப் போட்டதும் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்போது கீபோர்டையும் சோதித்தது. இந்தச் சோதனை பயாஸ் என்ற நிரலின் வேலை. அந்தக் குழுவில் இருந்த டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் அதை எழுதியவர். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்குகிறதே, அந்த ஏற்பாடும் அவருடையதுதான்.

கீபோர்டுக்குள்ளும் ஒரு சிறிய சிப் உண்டு. பயாஸ் அதனிடம் "உன்னைச் சோதித்துக்கொள்" என்று சொல்லும். கீபோர்டு தன்னைச் சோதித்து, எல்லாம் சரி என்றால் ஓர் எண்ணை அனுப்பும். தசமத்தில் 170. இருமத்தில் எழுதிப் பாருங்கள், 10101010 வரும். அந்தப் பதில் வராவிட்டால் திரையில் 301 என்ற பிழை எண் தோன்றும். ஏதாவது ஒரு விசை அழுந்தியபடி சிக்கிக்கொண்டாலும் அதே 301தான். அப்போது அந்த விசையின் குறியீட்டு எண்ணும் முன்னால் சேர்ந்து வரும். கீபோர்டின் மேல் யாராவது புத்தகத்தை வைத்துவிட்டாலும் இந்தப் பிழை வரலாம்.

இனி எஃப்1 விஷயத்துக்கு வருகிறேன். 1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. கம்ப்யூட்டர், சோதனையில் பிழை கண்டால் அதைத் திரையில் காட்டிவிட்டு, தொடர எஃப்1 அழுத்தவும் என்று சொல்லி நிற்கும். கீபோர்டுப் பிழைக்கென்றே எழுதிய வரி அல்ல அது. கடிகாரம் நின்றிருந்தாலும் நினைவகத்தின் அளவு கணக்கோடு ஒத்துப்போகாவிட்டாலும் அதே வரி வரும். பிழையை ஒரு மனிதர் பார்த்தார், சம்மதித்தார் என்பதற்கான கையொப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொதுவான வரி, கீபோர்டு இல்லை என்ற வரிக்குக் கீழே வரும்போது மட்டும் நகைச்சுவை ஆகிவிடுகிறது.

யாரை அழுத்தச் சொல்கிறது? எதிரே நாற்காலியில் ஒருவர் இருப்பார் என்று அது நம்புகிறது. அவர் கழன்ற ஒயரை மாட்டுவார், அல்லது புத்தகத்தை எடுப்பார், பிறகு எஃப்1 அழுத்துவார். அழுத்த முடிந்தாலே கீபோர்டு சரியாகிவிட்டது என்று பொருள். 1980களில் அது நியாயமான நம்பிக்கைதான்.

பிறகு ஐ.பி.எம். போலவே இயங்கும் கம்ப்யூட்டர்களை மற்றவர்களும் செய்தார்கள். 1982இல் காம்பாக் நிறுவனம், ஐ.பி.எம்.மின் நிரலைப் பிரதி எடுக்காமல் அதே போல நடந்துகொள்ளும் பயாஸைத் தானே எழுதியது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படிப்பட்ட பயாஸை எழுதி மற்ற நிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியது. 1985இல் இந்தியரான சுப்பிரமணியன் சங்கர் அமெரிக்காவில் ஏ.எம்.ஐ. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவார்டு என்று இன்னொன்று. எல்லோரும் ஐ.பி.எம். போல நடக்க வேண்டும் என்று எழுதியதால், கீபோர்டு இல்லாவிட்டால் நிற்கும் பழக்கமும் கூடவே வந்தது.

1990களில் நிலைமை மாறியது. அலுவலகங்களில் பழைய பெட்டிகள் மூலையில் நின்று தபால் அனுப்பின, பிரிண்டரைப் பார்த்துக்கொண்டன, இரவு முழுக்கத் தனியாக ஓடின. எதிரே நாற்காலியே கிடையாது. சன் நிறுவனத்தின் சர்வர்கள் கீபோர்டு இல்லை என்று கண்டால், நிற்காமல் சீரியல் போர்ட் வழியாகப் பேசத் தொடங்கும். நம் சாதாரணப் பெட்டிகளோ இரவில் கரண்ட் போய் வந்தால், காலையில் யாராவது வரும்வரை எஃப்1 கேட்டு நிற்கும். பல பெட்டிகளுக்கு ஒரே கீபோர்டு போதும் என்று கே.வி.எம். சுவிட்ச் வந்தபோது, ஒவ்வொரு பெட்டியிடமும் "கீபோர்டு இங்கேதான் இருக்கிறது" என்று பொய் சொல்வதும் அதன் வேலையானது.

பயாஸிலும் ஒரு வழி வைத்தார்கள். அவார்டு பயாஸில் "ஹால்ட் ஆன்" என்று ஓர் அமைப்பு இருக்கும். எந்தப் பிழைக்கு நிற்க வேண்டும் என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். "ஆல், பட் கீபோர்டு" என்று வைத்தால் கீபோர்டுப் பிழையைத் தவிர மற்றவற்றுக்கு மட்டும் நிற்கும்.

இனி என் மாடி அறைக்கு வருவோம். "அதைப் போன வருஷமே மாத்தி வெச்சேனே தாத்தா" என்றான் பேரன். அவன் சொன்னபடி சுவிட்சை அணைத்துவிட்டுக் கீபோர்டை மாட்டி, தொடங்கும்போது டெலீட் அழுத்தி உள்ளே போய் மறுபடி மாற்றினேன். (பழைய வட்ட முனைக் கீபோர்டை ஓடும்போது மாட்டாதீர்கள். மதர்போர்டில் உள்ள சிறிய ஃபியூஸ் போய்விடலாம்.) சரியானது. நான்கு நாளில் மறுபடி கரண்ட் போனது. மறுபடி அதே கதை.

இந்த முறை திரையை மேலிருந்து படித்தேன். நான் தாண்டிப் போன இன்னொரு வரி மேலே இருந்தது. சிமாஸ் செக்சம் பிழை என்று. கம்ப்யூட்டரின் தேதியும் பல வருடம் பின்னால் போயிருந்தது. நாம் மாற்றும் அமைப்புகள் ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கின்றன. கரண்ட் இல்லாதபோது அதைக் காப்பது பொத்தான் போன்ற ஒரு பேட்டரி. 1984இல் ஏ.டி. கொண்டுவந்த ஏற்பாடுதான் இது. அதில் அந்த நினைவகம் வெறும் 64 பைட். என் பெட்டியில் பேட்டரி தீர்ந்திருந்தது. ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் பேரன் சொல்லி வைத்ததை அது மறந்து, பழைய வழக்கத்துக்கே திரும்பியது. கரண்ட் வந்ததும் எழ வேண்டும் என்பதையும் சேர்த்தே மறந்தது.

கடிகாரக் கடையில் சி.ஆர்.2032 பேட்டரி வாங்கிப் போட்டு, தேதியையும் அந்த இரண்டு அமைப்புகளையும் திருத்தினேன். அதன்பிறகு மூன்று முறை கரண்ட் போய் வந்துவிட்டது. தானாகவே எழுந்துகொள்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். அமைப்பில் கை வைப்பது அதற்குப் பிறகு.

கடைசியாக, அன்று வெளியே நின்ற மாணவனுக்கு. பெயர் சொல்லவில்லை, உனக்குத் தெரியும். நீ கேட்டது கிண்டல் இல்லை. அந்த வரியை எழுதியவர்கள் யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்று கேட்டாய். அந்த அறையில் அன்று எழுந்த ஒரே நல்ல கேள்வி அதுதான். "எனக்குத் தெரியாதுப்பா, தேடிப் பார்க்கலாம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

அவனோடு தொடர்பில் இருக்கும் யாராவது இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கம்ப்யூட்டர் வாத்தியார்