பிறந்தநாள் விருந்தும் வீண்செலவும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கனகம்மாசத்திரம். ஊர்ப் பெயரிலேயே ஒரு சத்திரம் உண்டு. வழிப்போக்கர்களுக்குத் தங்க இடமும் பசிக்குச் சோறும் கொடுத்த இடம்தான் சத்திரம். அங்கே அழைப்பிதழ் இல்லாமல் வந்தவருக்கும் இலை போட்டார்கள். இன்றோ அழைப்பிதழ் கொடுத்தும் பாதிப் பேர் வராமல், பிறந்தநாள் விருந்துச் சாப்பாடு அண்டாவோடு மிஞ்சிப் போகிறது. மண்டப வாடகை, பேனர், பலூன் அலங்காரம், கேக் என்று செலவு ஏறி, ஒரு வயதுக் குழந்தையின் விழாவுக்காக நகையை அடகு வைப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வீண்செலவைத் தடுக்க உலகம் என்னென்ன செய்து பார்த்தது? எது பலித்தது?

கேக் வந்த கதை

தமிழர் வீடுகளில் குழந்தையின் முதல் பிறந்தநாள் பெரும்பாலும் கோயிலோடு சேர்ந்தது. திருத்தணி போன்ற மலைக்கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவார்கள். கேக்கும் மெழுகுவர்த்தியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஜெர்மனியில் 1746ல் சின்சென்டார்ஃப் என்ற பிரபுவின் பிறந்தநாளுக்கு, அடுப்பு கொள்ளும் அளவுக்குப் பெரிய கேக் செய்து, வயதுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி செருகினார்கள் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. ஆக, பெரிய கேக் என்பது தொடக்கத்திலேயே பிரபு வீட்டு வழக்கம்!

சட்டம் போட்டவர்கள்

விருந்துச் செலவுக்குச் சட்டம் போடுவது மிகப் பழைய யோசனை. கி.மு. 161ல் ரோமில் வந்த ஃபான்னியச் சட்டம், எத்தனை விருந்தினர், எவ்வளவு செலவு என்று வரம்பு கட்டியது. கொழுக்க வளர்த்த பெட்டைக்கோழியைப் பரிமாறக் கூடாது என்றது. ரோமானியர்கள் என்ன செய்தார்கள்? சட்டத்தில் சேவலைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று சேவலைக் கொழுக்க வளர்த்தார்கள்!

நம் காலத்திலும் இது நடந்தது. மத்திய ஆசியாவில் உள்ள தஜிகிஸ்தான் 2007ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. சடங்குகளுக்குச் செலவழித்தே குடும்பங்கள் கடனாளி ஆகின்றன என்பது அரசின் கவலை. அதன்படி பிறந்தநாளை வீட்டில், குடும்பத்தாரோடு மட்டுமே கொண்டாட வேண்டும். 2015ல் நண்பர்களோடு வெளியே பிறந்தநாள் கொண்டாடிய இளைஞர் ஒருவருக்கு ஃபேஸ்புக் படங்களைச் சாட்சியாக வைத்து அபராதம் விதித்தார்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் ஒரு பிறந்தநாளுக்குள் நீதிமன்றம் நுழைவது நல்ல வழியா?

கேட்டுக்கொண்டவர்

1965ல் இந்தியாவில் கடுமையான உணவுத் தட்டுப்பாடு. அப்போதைய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை மாலைகளில் பல ஓட்டல்கள் அடுப்பு மூட்டவில்லை. அபராதம் போட்டு நடந்த காரியம் அல்ல அது. காரணம் புரிந்ததால் மக்கள் செய்தார்கள்.

திருத்தணிக்காரரின் பிறந்தநாள்

கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்துத் திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். வசதி குறைந்த குடும்பம். உதவித்தொகையில் படித்து முன்னேறியவர். 1962ல் அவர் குடியரசுத் தலைவர் ஆனார். மாணவர்களும் நண்பர்களும் அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட விரும்பினார்கள். நினைத்திருந்தால் பெரிய விருந்தே வைத்திருக்கலாம். ஆனால் அவர், தனக்காகக் கொண்டாடுவதை விட அந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடினால் பெருமைப்படுவேன் என்றார். அந்த ஆண்டு முதல் அது ஆசிரியர் தினம் ஆனது. அதே 1962ல் ஆசிரியர் நலனுக்கான தேசிய அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் கொண்டாட்டத்தை நிறுத்தவில்லை. அதை இன்னொருவர் பக்கம் திருப்பிவிட்டார். அதனால்தான் அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்த நாள் பள்ளிக்கூடங்களில் நிலைத்திருக்கிறது.

இன்று செய்யக்கூடியவை

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. எனவே மாற்றமும் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1. சமையல்காரரிடம் ஆள் கணக்குச் சொல்வதற்கு முன், வருகிறவர்களைப் போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். குழந்தைகளைத் தனியாக எண்ண வேண்டும். அவர்கள் பெரியவர் அளவு சாப்பிடுவதில்லை.
2. பத்து வகை வைப்பதை விட நான்கு வகையை நன்றாகச் செய்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறினால் இலையில் மிஞ்சாது.
3. மிஞ்சியதைக் கெடுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். 2014ல் கோவையில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் இதற்காகவே உள்ளன. எங்கே கொடுப்பது என்று முதல் நாளே பேசி வைப்பது நல்லது.
4. கடன் வாங்கித்தான் நடத்த வேண்டும் என்றால் அந்தச் செலவே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கு மண்டபமும் தெரியாது, பேனரும் தெரியாது.

முடிவுரை

ரோமின் சட்டத்தைச் சேவல் ஏமாற்றிவிட்டது. திருத்தணிக்காரர் கேட்ட ஒரு வார்த்தையோ நிலைத்துவிட்டது. பிறந்தநாள் அன்று பசித்த நான்கு பேருக்கு இலை போடும் வீடு, அன்று ஒரு நாளாவது சத்திரம் ஆகிறது. கனகம்மாசத்திரம் என்ற பெயருக்கு அதைவிடப் பொருத்தமான கொண்டாட்டம் வேறென்ன இருக்க முடியும்?