தேனிலவுக்கு கோவளமா, புதுவையா? கல்யாண மாதத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க!

கல்யாணம் முடிந்த கையோடு கடற்கரைக்கு தேனிலவு கிளம்பும் புதுமண ஜோடிகள் முதலில் பார்க்க வேண்டியது மாதத்தைத்தான்.

வைகாசி, ஆனியில் கல்யாணம் என்றால் கேரள மாநிலம் கோவளம் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கு தென்மேற்கு பருவமழை. கடல் கொந்தளிக்கும். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. ‘சீசன் இல்லை, வாடகை கம்மி’ என்று ஆசைப்பட்டு முன்பணம் கட்டினால், மழைக்கு அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

அந்த நேரத்துக்கு புதுச்சேரிதான் தோது. பகலில் வெயில் கொளுத்தினாலும், சாயங்காலம் வண்டிகள் ஓடாத கடற்கரை சாலையில் கைகோர்த்து நடக்கலாம். சுண்ணாம்பாற்றில் படகு ஏறினால் பாரடைஸ் பீச். அங்கே அலை இழுக்கும். கரையோரம் நின்னா போதும்.

தை, மாசியில் கல்யாணமா? தாராளமாக கோவளம் போகலாம். திருவனந்தபுரத்தில் இருந்து சுமார் 16 கிலோமீட்டர்தான். கலங்கரை விளக்கம் பக்கம் கடலை ஒட்டிய விடுதிகள் பலவற்றுக்கு ஆட்டோ போகாது, நடைபாதைதான். அதனால் பெட்டியைக் குறைச்சுக்குங்க. கடலை விட்டு கொஞ்சம் தள்ளிப்போனால் வாடகை குறையும்.

‘ரூமில் இருந்தே கடல் தெரியும்’ என்றால் உடனே நம்பிடாதீங்க. ஜன்னலைத் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்க. இருவரின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.