குழாய்வழிப் பாலும் வெறுஞ் சூப்பியும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருந்துகளினதும் கருவிகளினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தொட்டிலருகே நின்ற தாதியர் கண்டறிந்த உண்மைகள் அதில் இடம்பெறுவது அரிது. குறைமாதக் குழந்தைக்குக் குழாய்வழிப் பாலூட்டும்போது வாயில் வெறுஞ் சூப்பி கொடுக்கும் வழக்கம் அத்தகைய உண்மைகளுள் ஒன்றாகும்.

கருவிலிருக்கும்போதே சிசு சூப்பத் தொடங்கிவிடுகின்றது. ஆயினும் சூப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் இசைந்து நிகழ்வதற்கு ஏறத்தாழ 34 வாரங்கள் செல்லவேண்டும். அதற்குமுன் பிறந்த குழந்தைக்குக் குழாய்மூலமே இரைப்பைக்குப் பால் செலுத்தப்படுகின்றது. பாரிஸ் மகப்பேற்று மருத்துவமனையில் ஸ்தெபான் தார்னியே 1880களில் இம்முறையைக் கைக்கொண்டார். அவர்வழி வந்த பியேர் புதின், தாயைக் குழந்தையிடமிருந்து பிரித்தலாகாது என வற்புறுத்தினார். குழாய் உயிரைக் காத்தது. எனினும் வயிறு நிறையும் வேளையில் வாய் வாளாவிருந்தது.

இக்குறை நெடுங்காலத்தின் பின்னரே ஆய்வுக்குள்ளாயிற்று. 1979இல் அமெரிக்காவில் மீசல், அண்டர்சன் ஆகியோர் தாதியியல் சஞ்சிகையொன்றில் வெளியிட்ட ஆய்வின்படி, குழாய்ப்பாலின்போது சூப்பி பெற்ற குழந்தைகள் மற்றைய குழந்தைகளிலும் ஏறத்தாழ நான்கு நாள் முன்னதாக வீடு திரும்பின. 2016இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, 12 ஆய்வுகளில் அடங்கிய 746 குழந்தைகளை நோக்கி, வைத்தியசாலையில் தங்கும் காலமும் வாய்வழி உணவுக்கு மாறும் காலமும் சுருங்குவதை எடுத்துக்காட்டிற்று. நிறை அதிகரிப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதனிடையே எதிர்க்குரலும் எழுந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் 1989இல் வகுத்த பத்துப் படிகள், தாய்ப்பாலருந்தும் குழந்தைக்குச் சூப்பி ஆகாது என்றன. இம்முரண்பாட்டுக்கு ஒரு வழியைப் புதுடில்லி ஆய்வாளர் 1991இல் காட்டினர். பால் பீச்சி எடுக்கப்பட்ட தாய்முலையையே குழந்தைக்குச் சூப்பக் கொடுத்தபோது, பின்னர் தாய்ப்பாலூட்டல் நீடித்ததை அவர்கள் கண்டனர். நேரே முலையருந்த இயலாத குறைமாதக் குழந்தைக்கு, அது இயலும்வரை வெறுஞ் சூப்புதல் நன்மை தரலாமென உலக சுகாதார நிறுவனமும் 2017இல் ஏற்றுக்கொண்டது.

இவ்வரலாறு நமது பிரதேசத்துக்கு அந்நியமானதன்று. கதிரவெளி மட்டக்களப்பு நகருக்கு வடக்கே 60 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. அங்குள்ள தாயொருத்தியின் குறைமாதக் குழந்தை நகரின் போதனா வைத்தியசாலையில் வைக்கப்படுமாயின், நான்கு நாள் என்பது வெறும் எண்ணன்று. வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பிறர் பொறுப்பில் விட்டிருக்கும் நாள். கணவன் தொழிலை இழக்கும் நாள். பஸ் கட்டணத்துக்குக் கடன்படும் நாள். தாய் அருகில்லாத பொழுதிற் சூப்பி ஓரளவு துணைபுரியும். ஆனால் டில்லி ஆய்வு கூறும் வழிக்குத் தாய் அருகிலேயே இருத்தல் வேண்டும். ஆதலின், தூரத்துக் கிராமத்துத் தாய் தங்குதற்கு ஓரிடம் அமைத்தலும் மருத்துவத்தின் ஒரு கூறே எனக் கொள்ளுதல் தகும். புதின் அன்று வற்புறுத்தியதும் அதுவேயாம்.