ஆர்.பி.ஜி. கேம்களில் தன்பால் காதல்: கசாப்புக்காரர் மகனிலிருந்து டோரியன் வரை

கம்ப்யூட்டர் கேம் என்றாலே சுடுவதும் வெட்டுவதும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் ஆர்.பி.ஜி. எனப்படும் ரோல் பிளேயிங் கேம்களில் சண்டைக்கு நடுவே காதலும் உண்டு. கதாநாயகனோடு கூடவே பயணம் செய்யும் தோழர்களில் ஒருவரிடம் பேசிப் பேசி மனதைக் கவரலாம். அந்தத் தோழரும் கதாநாயகனும் ஒரே பாலினமாக இருந்தால்? இந்தக் கேள்விக்கு கேம் நிறுவனங்கள் பதில் சொன்ன கதை சுவாரசியமானது.

1998-ல் வந்த ஃபால்அவுட் 2 விளையாட்டில் மோடோக் என்றொரு ஊர். அங்கே கசாப்புக் கடைக்காரர் கிரிஷாமின் மகனோடோ மகளோடோ தனிமையில் மாட்டிக்கொண்டால், அப்பா துப்பாக்கியோடு வந்து நின்று கட்டாயக் கல்யாணம் செய்துவைத்துவிடுவார். விளையாடுபவர் ஆணா பெண்ணா என்று அவர் பார்ப்பதே இல்லை! கல்யாணம் ஆனபின் அந்த வாழ்க்கைத்துணை கூடவே வரும். சண்டையில் ஒரு பிரயோஜனமும் இருக்காது என்பது வேறு விஷயம். எல்லாம் நகைச்சுவைக்காக வைத்ததுதான். ஆனாலும் அப்போது உலகில் எந்த நாட்டிலும் தன்பால் திருமணம் சட்டப்படி இல்லை. முதல் நாடான நெதர்லாந்தே 2001-ல்தான் அனுமதித்தது.

அதன்பின் இந்தத் துறையில் முக்கியமான பெயர், கனடாவைச் சேர்ந்த பயோவேர். 2000-ல் வெளியான இவர்களுடைய பால்டர்ஸ் கேட் 2-ல் நான்கு காதல் கதைகள், நான்கும் ஆண்-பெண் காதல்தான். 2003-ல் ஸ்டார் வார்ஸ் விளையாட்டில் ஜுஹானி என்ற பூனை முகப் பெண் வந்தாள். கதாநாயகி பெண்ணாக இருந்தால் மட்டும், அதுவும் கதையின் முடிவுக்குப் பக்கத்தில், தன் பிரியத்தை அரைகுறையாகச் சொல்வாள். முதல் சந்திப்பிலேயே அவளைக் கொன்றுவிட்டுப் போன பலருக்கு இது தெரியவே தெரியாது. 2005-ல் ஜேட் எம்பயர் இன்னும் கொஞ்சம் தைரியம் காட்டியது.

பிரச்சினை வெடித்தது 2007-ல், மாஸ் எஃபெக்ட் வெளிவந்தபோது. அதில் லியாரா என்ற வேற்றுக்கிரகவாசி. அவளுடைய இனத்தில் ஒரே பாலினம்தான், ஆனால் பார்வைக்குப் பெண். கதாநாயகியோடு அவள் நெருங்கும் காட்சிக்காக சிங்கப்பூர் விளையாட்டையே தடை செய்தது. சில நாட்களிலேயே தடையை நீக்கி, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று முத்திரை குத்தி அனுமதித்தது. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் இதை ஆபாச விளையாட்டு போலச் சித்தரித்தது. கண்டித்துப் பேச வந்த விருந்தினர் அதை விளையாடியதே இல்லை! (பின்னர் அவரே வருத்தம் தெரிவித்தார்.)

சில நிமிட டிவி நிகழ்ச்சிதானே என்று விட்டுவிட முடியாது. 2010-ல் வந்த மாஸ் எஃபெக்ட் 2-ல் ஜாக் என்றொரு முரட்டுப் பெண். ஒரு ஜோடியோடு சேர்ந்து திரிந்த பழைய கதையை அவளே சொல்வாள். ஆனால் ஆண் கதாநாயகனை மட்டுமே காதலிப்பாள். ஏன் இப்படி என்று ரசிகர்கள் பல வருடம் குழம்பினார்கள். 2021-ல் அவளை எழுதிய பிரையன் கிண்ட்ரெகன் ஒரு பேட்டியில் உடைத்துச் சொன்னார்: பாலினம் பாராமல் காதலிப்பவளாகத்தான் ஜாக் பெரும்பகுதி உருவானாள், ஃபாக்ஸ் நியூஸ் சர்ச்சையின் பயத்தில் கடைசிக் கட்டத்தில் மாற்றப்பட்டாள். இந்தத் தொடரில் ஆணும் ஆணும் காதலிக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே 2011-ல் டிராகன் ஏஜ் 2 வந்தது. அதன் மூலப் பதிப்பில் காதலிக்கக் கிடைத்த நான்கு தோழர்களும் யாரை வேண்டுமானாலும் காதலிப்பார்கள். ஆண்டர்ஸ் என்ற ஆண் தன்னிடம் ஆசையாகப் பேசுகிறான் என்று சில ஆண்கள் கோபப்பட்டார்கள். தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பெரும்பான்மை என்பதற்காகக் கூடுதல் உரிமை கிடையாது என்கிற தொனியில் பதில் சொன்னார். ஆனால் விளையாடுபவருக்கேற்ப எல்லோரும் வளைந்து கொடுத்தால் அந்தப் பாத்திரத்துக்கென்று சொந்த வாழ்க்கை எங்கே இருக்கிறது? இந்தக் குறையும் நியாயமானதே.

2014-ல் டிராகன் ஏஜ் இன்க்விசிஷனில் கெய்டர் எழுதிய டோரியன் அதற்குப் பதில். அவன் ஆண்களை மட்டுமே விரும்புபவன். குடும்ப கௌரவத்துக்காக அப்பாவே ரத்த மந்திரம் செய்து மகனின் இயல்பை மாற்றப் பார்த்தார் என்பதுதான் அவன் வீட்டை விட்டு ஓடிய கதை. இந்த விளையாட்டு இந்தியக் கடைகளுக்கு வரவில்லை. உள்ளூர்ச் சட்டங்களை மீறக்கூடாது என்று சொல்லி இ.ஏ. நிறுவனம் தானே விலக்கிக்கொண்டது. எந்தச் சட்டம் என்று சொல்லவில்லை. முந்தைய டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்திருந்ததால், பலரும் அதையே காரணமாக நினைத்தார்கள். பெரியவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று அதே நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6-ல்.