அம்மா பிறந்த ஊருக்கு 30 நாள் விசா

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1980களில் வால்பாறையில் வாத்தியாராக இருந்தபோது, எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் அட்டன், பதுளை, நுவரெலியா என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். எல்லாம் டேன்டீ தோட்டத்துப் பிள்ளைகள். ஊரில் 'சிலோன்காரங்க' என்பார்கள்.

ஏழெட்டு வருடம் முன்பு அவர்களில் ஒரு மாணவி சிங்காநல்லூரிலிருந்து போன் செய்தாள். "சார், அம்மாவோட அக்கா அட்டன்ல படுத்த படுக்கையா இருக்காங்களாம். அம்மாவைக் கூட்டிட்டுப் போகோணும். எந்த விசா எடுக்கறதுங்க சார்?"

"சொந்தக்காரங்களைப் பாக்கறதுக்கும் சுற்றுலா விசாவே போதும் கண்ணு" என்றேன். 2012 முதல் இலங்கைக்கு ஈ.டி.ஏ. என்ற முன் அனுமதியை இணையத்திலேயே வாங்கலாம். 30 நாள் தங்கலாம். வீட்டுக்கே போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். நாட்டுரிமை: இந்தியா. பிறந்த நாடு: இலங்கை. பயண நோக்கம்: சுற்றுலா.

படிக்கச் சொல்லிக் கேட்ட அந்த அம்மா, "பொறந்த ஊருக்குப் போக நான் சுற்றுலாக்காரியா சார்?" என்றார்.

அவருக்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் சேலம், திருச்சி, மதுரைப் பக்கமிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டு போனார்கள். அப்போது விசா என்ற பேச்சே இல்லை. 1948ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம், அப்பாவாவது அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்து வீட்டில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பிறப்புச் சான்று இருந்திருக்கும்? பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் ஓட்டுரிமையும் போனது. போக்குவரத்துக்குக் குடிவரவுச் சட்டம் வந்து, விசாவும் வந்தது.

1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்குப் போட்டவர்கள் அந்த மக்களைக் கேட்கவில்லை. பிறகு விண்ணப்பம் வாங்கியபோது இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஏறத்தாழ 7 லட்சம், இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் சுமார் 4 லட்சம். பெரும்பாலானோர் அங்கேயே இருக்கத்தான் விரும்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த அம்மாவின் அக்கா குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. இவருடைய கணவர் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கண்டியில் இந்தியப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வாங்கி, 1974ல் கைக்குழந்தையோடு ரயில் ஏறினார். அந்த ரயிலை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள். ஏறுபவர்களும் அழுவார்கள், வழியனுப்புபவர்களும் அழுவார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு வால்பாறை. அந்தக் கைக்குழந்தைதான் என் மாணவி. 80களில் போர் வந்து கப்பலும் நின்றது. பாஸ்போர்ட் வாங்கியும் வர முடியாமல் அங்கேயே தங்கியவர்களும் உண்டு.

ஒரே லயத்தில் வளர்ந்த அக்கா தங்கை. ஆளுக்கொரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். நாற்பது வருடம் கழித்து ஒருத்தியைப் பார்க்க இன்னொருத்திக்கு விசா வேண்டியிருந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "30 நாள்னா 30 நாள். போட்டுடுங்க சார்" என்றார்.

போனார்கள். அக்காவுக்குத் தங்கையை அடையாளம் தெரிந்ததாம். 28ம் நாள் திரும்பி வந்தார்கள். அந்தக் கார்த்திகையிலேயே அக்கா காலமான செய்தி வந்தது. "அப்பவே போனது நல்லதாப் போச்சுங்க சார்" என்று என் மாணவி சொன்னாள்.

கோவை, நீலகிரிப் பக்கம் இதைப் படிக்கும் தாயகம் திரும்பிய குடும்பத்தார்களே, வீட்டில் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். அக்கரையில் யாராவது உயிரோடு இருந்தால், விசா எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.