பலாச்சுளைக் கணக்கும் பினாங்கு மாணவரும்

தமிழர் இயற்றிய கணக்கு நூல்களுள் காரி நாயனாரின் கணக்கதிகாரம் பலரும் அறிந்தது. பலாப்பழத்தைப் பிளவாமலே உள்ளிருக்கும் சுளையின் தொகையை அறிய அந்நூல் ஒரு வழி கூறுகிறது. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்தால் வருவது சுளையின் தொகை. முள் 100 ஆயின் சுளை 120; முள் 75 ஆயின் சுளை 90. இதனை முன்னோர் நுண்ணறிவுக்குச் சான்றாகக் காட்டி வியந்து விட்டுவிடுதல் பெரும்பாலும் வழக்கம். பினாங்கில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளி புகும் தமிழ் மாணவர்க்கோ இவ்விதி வியப்பினும் மேலான பயன் தரவல்லது.

இங்கே முள்ளின் தொகை பழத்துக்குப் பழம் மாறுவது. சுளையின் தொகை அதனைச் சார்ந்து மாறுவது. 6-உம் 5-உம் மாறுவதில்லை. இன்றைய பாடநூல் மாறி என்றும் மாறிலி என்றும் கூறுவன இவையே. வடமொழிக் கணித நூலார் அறியாத தொகையை 'யாவத் தாவத்' என்றனர். ஒன்றுக்கு மேற்பட்டபோது கருமை, நீலம் என நிறப்பெயரால் குறித்தனர். கணக்கதிகாரம் இவ்விதியில் அப்படித் தனிக் குறி எதுவும் இடாமல் முள் என்றும் சுளை என்றும் பொருளின் பெயரையே வழங்கிற்று. 13 வயதுச் சிறுவனுக்கு 'எக்ஸ்' என்னும் எழுத்தைக் காட்டுமுன் முள்ளைக் காட்டுவது எளிது.

ஆனால் ஒன்று கருதத்தக்கது. இவ்வாறு கணக்கிட்டபின் சுளையைத் தனியே எண்ண வேண்டியதில்லை என்பது அந்நூலின் கருத்து. பலாவோ பல பூக்கள் ஒன்றாய்ச் சேர்ந்து பழுத்த கூட்டுக்கனி. மேலுள்ள முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் சேர்ந்து கருவுற்ற பூ சுளையாகும். கருவுறாதது வெறும் சடையாய் நின்றுவிடும். ஆகவே முள் ஒத்த இரு பழங்களில் சுளை ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. விதி பிழையன்று என்றே கொண்டாலும், அது பல பழங்களின் பொதுநிலையைக் கூறுமேயன்றி ஒரு பழத்தின் உண்மையைக் கூறாது. எண்சுவடியை உருப்போட்ட திண்ணைப்பள்ளி மாணவன் மனக்கணக்கில் வல்லவன் ஆயினான். விதியை எண்ணிச் சோதிக்கும் வழக்கம் அவனுக்குப் பழக்கப்படவில்லை. அக்கல்வியின் குறை இதுவே எனலாம்.

பொதுநிலை காணும் முறை இந்நாட்டார்க்குப் புதிதன்று. 1150-இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி, அகலமும் ஆழமும் சீரில்லாத குழியைப் பல இடங்களில் அளந்து கூட்டி, அளந்த இடங்களின் தொகையால் வகுக்கச் சொல்கிறது. சராசரி என்னும் சொல்தான் பாரசீகத்திலிருந்து பிற்காலத்தில் வந்தது. அளவுகளைக் கோடாக வரைந்து காட்டும் முறையோ மேனாட்டில் வளர்ந்தது. இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளால் காட்டிய வில்லியம் பிளேஃபேரின் நூல் 1786-இல் இலண்டனில் வெளிவந்தது. பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கைக்கொண்டதும் அதே ஆண்டில் என்பது ஒரு சுவையான பொருத்தம்.

அத்தீவில் 1816-இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவிய பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றது. அதனையே மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு 2016-இல் 200-ஆம் ஆண்டு விழா எடுக்கப்பட்டது. ஆயினும் அந்நாட்டில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. சராசரியும் பட்டைக் குறிவரைவும் தமிழில் கற்ற பிள்ளை, மாறியையும் சார்பின் வரைபடத்தையும் மலாய் மொழியில் எதிர்கொள்கிறான். 2003-இல் கணிதமும் அறிவியலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. அத்திட்டம் கைவிடப்படும் என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளி புகுந்தோர்க்கு வீட்டில் ஒரு மொழி, கணக்கில் ஒரு மொழி என்றாயிற்று. முதலாம் படிவத்தில் கணக்கு வராத பிள்ளையென்று பெயரெடுப்பவருள் உண்மையில் சொல் விளங்காதவர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்ப்பார் அரியர்.

மலாய்ச் சொற்கள் அத்துணை அயன்மை உடையனவும் அல்ல. மாறியைப் 'பெம்போலே உபா' என்பர். 'உபா' என்றாலும் மாறுதல்தான். சராசரியைப் 'புராத்தா' என்பர். 'ராத்தா' என்பது சமதளம், மேடு பள்ளம் இன்மை. பாஸ்கரர் சமன்செய்த குழி இங்கே நினைவுக்கு வரும். ஆறாம் ஆண்டு ஆசிரியர் இவற்றை ஒருநாள் சொல்லிவைக்கலாம்.

பலாவும் அங்கே கிடைக்காத பழமன்று. சில பழங்களை வாங்கி, பிளக்குமுன் முள்ளையும் பிளந்தபின் சுளையையும் மாணவரே எண்ணிப் பட்டியலிடட்டும். கிடைக்கோட்டில் முள், நிலைக்கோட்டில் சுளை எனக் கட்டத்தாளில் பழத்துக்கு ஒரு புள்ளி இடுக. நூலின் விதிப்படி 50-க்கு 60, 100-க்கு 120 எனச் செல்லும் நேர்கோட்டையும் அதன்மேல் வரைக. பிறகு ஒவ்வொரு பழத்திலும் ஒரு முள்ளுக்கு எத்தனை சுளை என வகுத்துச் சராசரி காண்க. அது 1.2-க்கு அருகே வருமா, புள்ளிகள் கோட்டின் மேலும் கீழும் எவ்வளவு சிதறும் என்பதை மாணவர் முன்கூட்டியே எழுதிவைத்தல் நன்று. எண்ணி முடியும்வரை சுளையை யாரும் தின்னாதபடி பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்பு.