மகரக்கட்டும் மேடை வாழ்வும்: கபுகியின் பெண்வேட மரபும் தமிழ்ப் பாலர் நாடக சபைகளும்

முன்னுரை

ஒருவர் தம் வாழ்நாளைக் கலைக்கு ஒப்படைப்பதற்கு மன உறுதி மட்டும் போதாது. அவ்வாழ்நாளை ஏற்றுக் காக்கும் அமைப்பும் வேண்டும். 2025ஆம் ஆண்டு லீ சாங்-இல் இயக்கத்தில் வெளிவந்த 'கொக்குஹோ' என்னும் ஜப்பானியத் திரைப்படம் இவ்வுண்மையை மையமாகக் கொண்டது. 'நாட்டின் கருவூலம்' என்று பொருள்படும் இப்படம் யோஷிதா ஷூயிச்சியின் புதினத்தைத் தழுவியது. தந்தையை இழந்த கிகுவோ என்னும் சிறுவன் கபுகி நடிகர் ஒருவரின் இல்லத்தில் வளர்ந்து, பெண் வேட நடிகனாக உருவாகிறான். ஆசிரியரின் மகன் ஷுன்சுகேயோ பிறப்பால் உரிமை பெற்றவன். குருதி உரிமைக்கும் கலைத்திறனுக்கும் இடையிலான மோதலாகக் கதை விரிகிறது.

தமிழில் இதற்கு நெருக்கமான திரைப்படம் வசந்தபாலன் இயக்கிய 'காவியத் தலைவன்' (2014). இங்கும் ஒரே ஆசிரியரிடம் பயிலும் இருவர் முதன்மை வேடத்தின் பொருட்டு முரண்படுகின்றனர். எனினும் இரு படங்களுக்கும் பின்புலமான மேடை வரலாறுகள் வேறுபட்டவை. பெண் வேட நடிகரின் தொழில் வாழ்வு எவ்வளவு காலம் நீடிக்க முடிந்தது என்ற வினாவின் வழி அவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

கபுகியில் பெண் வேடம்

1603ஆம் ஆண்டளவில் கியோத்தோ நகரில் ஒகுனி என்னும் பெண் நிகழ்த்திய ஆடலிலிருந்து கபுகி தோன்றியதாகக் கருதப்படுகிறது. 1629இல் பெண்கள் மேடையேற அரசு தடை விதித்தது. அவர்களின் இடத்தில் நடித்த இளைஞர் குழுக்களும் 1652இல் தடை செய்யப்பட்டன. முன்னெற்றி முடியை மழித்துக்கொண்ட ஆடவர் மட்டுமே நடிக்கலாம் என்ற நிபந்தனையுடன் கபுகி மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இவ்விரண்டாம் தடையின் விளைவு கருதத்தக்கது. இளமையின் அழகும் இயல்பான மென்குரலும் மேடையிலிருந்து விலக்கப்பட்டதால், முதிர்ந்த ஆடவர் பெண்மையைப் பயிற்சியால் உருவாக்க வேண்டியதாயிற்று. 'ஒன்னகதா' எனப்படும் பெண் வேடக் கலை இவ்வாறு வளர்ந்தது. யோஷிசாவா அயாமே (1673–1729) அன்றாட வாழ்விலும் பெண்ணைப் போலவே ஒழுகவேண்டும் என வலியுறுத்தினார். உடலின் பருவத்தைச் சாராத கலையாதலால், முதுமையிலும் ஒருவர் இளம்பெண்ணாக நடிக்க இயன்றது.

முன்னோரின் மேடைப் பெயரை ஏற்கும் வழக்கம் இக்கலைக்குத் தொடர்ச்சி தந்தது. 1950ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி அரசின் ஏற்பும் கிடைத்தது. கபுகிக் குடும்பத்தில் பிறவாமல், தத்து முறையால் அம்மரபினுள் வந்த ஐந்தாம் பாண்டோ தமசபுரோ 2012இல் வாழும் தேசியக் கருவூலமாக அறிவிக்கப்பட்டார். கிகுவோவின் கதைக்கு வரலாற்றிலும் இணை உண்டு என்பதை இது காட்டுகிறது.

தமிழ்ப் பாலர் சபைகள்

தமிழகத்தில் நிலைமை நேர்மாறானது. பெண்கள் மேடையேறுவதற்குச் சட்டத் தடை இருந்ததில்லை. கும்பகோணம் பாலாமணி பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தினார். சிறுவர் குழுக்கள் தோன்றியதற்கு, வயது வந்த நடிகர்களிடம் காணப்பட்ட ஒழுங்கின்மையே முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதே ஆண்டில் அதில் சேர்ந்தனர். அப்போது தி.க. சண்முகத்துக்கு வயது ஆறு.

சபையே சிறுவர்களுக்கு வீடாகவும் பள்ளியாகவும் அமைந்தது. உணவும் உறைவிடமும் அங்கேயே கிடைத்தன; பாடலும் வசனமும் ஆசிரியரிடம் கேட்டு மனனம் செய்யப்பட்டன. வறிய குடும்பங்களுக்கு இது பிள்ளையைக் காப்பாற்றும் வழியாகவும் இருந்தது. கபுகி இல்லத்தைப் போல இங்குக் குருதி உரிமை தடையாக நிற்கவில்லை. குரலும் நினைவாற்றலும் உடையவன் ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ உயரலாம்.

மகரக்கட்டு என்னும் எல்லை

இத்திறந்த வாயிலுக்கு ஒரு விலை இருந்தது. பருவ வயதில் குரல் உடைவதை நாடக உலகினர் மகரக்கட்டு என்றனர். ஒலிபெருக்கி பரவாத காலத்தில், உயர்ந்த சுருதியில் பாடும் குரலே நடிகனின் முதல். அது உடைந்தபோது ஸ்திரீபார்ட் சிறுவன் தன் வேடத்தை இழந்தான். சிலர் ஆண் வேடத்துக்கு மாறினர். மாற இயலாதவர்களுக்குச் சபையில் இடம் குறுகியது. கபுகியில் பெண் வேடப் பயிற்சி ஆழம் பெறத் தொடங்கும் பருவத்தில், தமிழ் மேடையில் அது முடிவுக்கு வந்தது.

பெண் நடிகையரின் வருகையும் இப்போக்கை விரைவுபடுத்தியது. எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் கே.பி. சுந்தராம்பாள் இணைந்து நடித்த ஸ்பெஷல் நாடகங்கள் பெற்ற வரவேற்பு இதற்குச் சான்று. பெண்ணே பாடி நடிக்கும் மேடையில் முதிர்ந்த ஸ்திரீபார்ட் நடிகருக்குத் தேவை எழவில்லை.

விதிவிலக்குகள்

முதிர்ந்த ஆடவர் பெண் வேடம் ஏற்ற நிலை தமிழகத்தில் இல்லாமற் போகவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் ரங்கவடிவேலு பெண் வேடங்களில் புகழ்பெற்றார். ஆயின் அது தொழில்முறை சாராத சபை. மேடை அங்கு வாழ்வாதாரமன்று. சென்னீர்குப்பம், பூவிருந்தவல்லி முதலிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியை உள்ளடக்கிய தொண்டை மண்டலத்தின் தெருக்கூத்திலும் ஆடவரே பெண் வேடம் கட்டினர். புரிசையில் கூத்து குடும்ப வழியாகவே தொடர்ந்து வந்துள்ளது. கபுகியின் குடும்ப மரபுக்குத் தமிழகத்தில் மிக அருகில் வருவது இதுவே.

பாலர் சபை மரபிலிருந்து எழுந்த சிறப்பான விதிவிலக்கு தி.க. சண்முகம். 1942இல், முப்பது வயதில், அவர் ஔவையாராக நடித்தார். இளம்பெண்ணின் குரலைக் கோராத முதியவளின் வேடம் அது. மகரக்கட்டு மூடிய வாயிலுக்கு மறுவழி ஒன்றை அவர் கண்டார் எனலாம். அவ்வேடமே 'அவ்வை' என அவர் பெயரோடு நிலைத்தது. எனினும் அவ்வேடத்தையும் பெயரையும் அடுத்தவருக்குக் கையளிக்கும் முறை தமிழ் மேடையில் இல்லை. அவர் குழுவில் சிறுவனாக நடித்த கமல்ஹாசன் 1996இல் 'அவ்வை சண்முகி' எனத் தம் படத்துக்குப் பெயரிட்டது நினைவுகூரலாயிற்று. மரபுத் தொடர்ச்சி ஆகவில்லை.

திரை பெற்ற பயன்

பாலர் சபைகளின் பயிற்சி வீணாகவில்லை. அதன் பயனைத் திரைப்படம் பெற்றது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்ற எம்.ஜி. இராமச்சந்திரன் 1936இல் 'சதி லீலாவதி'யில் தோன்றினார். மேடையில் சீதை உள்ளிட்ட பெண் வேடங்களை ஏற்ற சிவாஜி கணேசன் 1952இல் 'பராசக்தி'யில் நாயகனானார். அன்று நாடகங்கள் நடந்த தகரக் கொட்டகைகள் மறைந்தன. மேற்குப் புறநகரின் பூவிருந்தவல்லி, செம்பரம்பாக்கம் பகுதிகளிலோ இன்று படப்பிடிப்புத் தளங்கள் உள்ளன. ஜப்பானில் திரைப்படம் வளர்ந்தபோதும் கபுகிக்கெனத் தனி அரங்குகளும் குடும்பங்களும் நிலைத்தன.

முடிவுரை

கபுகி பிறப்பால் வாயிலை அடைத்தது. உள்ளே வந்தவரை இறுதிவரை தாங்கியது. தமிழ்ப் பாலர் சபை யாருக்கும் வாயிலைத் திறந்தது. குரல் உடைந்தவரைத் தாங்கும் வழியை அது அமைக்கவில்லை. எனவே 'கொக்குஹோ'வின் நாயகன் முதுமையில் நாட்டின் கருவூலமாகிறான். தமிழ் ஸ்திரீபார்ட் சிறுவர்களுள் திரைக்குச் சென்றோரின் பெயர்களே பெரும்பாலும் நிலைத்தன. தமிழ் நாடக வரலாறு புகழ்பெற்றோரின் வரலாறாக மட்டும் எழுதப்படுமாயின், மகரக்கட்டோடு மேடையை விட்டு அகன்றோரின் உழைப்பு கணக்கில் வாராது. சண்முகம் 1972இல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை' போன்ற தன்வரலாறுகளை இந்நோக்கில் மீள வாசிப்பது, அவ்விடைவெளியை நிரப்பும் முதற்படியாக அமையும்.